வெப்பக் கடலில் கடல்நாய் ஏன் இல்லை? வெப்பநிலை, வளர்சிதை மாற்றம், கடலின் இனப்பன்மை: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பப்புவா நியூ கினி தீவுகளைச் சுற்றியிருக்கும் கடற்பரப்புக்குப் பவள முக்கோணம் என்று பெயர். உலகில் அறியப்பட்ட பவள இனங்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு அங்கேதான் இருக்கிறது. பவளப்பாறை மீன்கள் மட்டும் 2,000 இனங்களுக்கு மேல். சுறா, திருக்கை, கடல் பாம்பு, ஆமை எதற்கும் குறைவில்லை. கடலில் இனப்பன்மையின் உச்சம் எது என்று கேட்டால், பெரும்பாலான ஆய்வாளர்கள் கைகாட்டும் இடம் அதுதான்.

அங்கே ஒரு கடல்நாய்கூட வாழ்வதில்லை. கடல்நாய், கடல் சிங்கம், வால்ரஸ் எல்லாம் சேர்ந்த குழுவில் இன்று 30-க்கும் மேற்பட்ட இனங்கள் உயிரோடு இருக்கின்றன. இத்தனை மீன் கொட்டிக்கிடக்கும் இடத்தில் அவற்றில் ஒன்றுக்கும் குடியிருப்பு இல்லை. நம் தமிழகக் கடலிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் சுறா உண்டு, பாரை உண்டு, சூரை உண்டு, கடல் பாம்பு உண்டு. கடல்நாய் கிடையாது. பென்குயின் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

குளிர்ப் பிராணி, குளிரில் வாழ்கிறது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் உடம்பின் வெப்பத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் விலங்குக்கு வெளியே குளிரா சூடா என்பது ஏன் இவ்வளவு முக்கியமாக வேண்டும்? குளிர் தாங்காத மீன் குளிர்கடலில் இல்லை என்பது புரிகிறது. குளிரையும் வெப்பத்தையும் சமாளிக்கத் தெரிந்த விலங்கு, வளமான வெப்பக் கடலை விட்டுவிட்டுக் குளிர்கடலில் போய்க் குவிவதுதான் புதிர்.

பொது விதியும் அதன் ஓட்டையும்

2010-இல் டெரெக் டிட்டென்சரும் அவருடைய குழுவும் நேச்சர் இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். பவளம், கணவாய், சுறா, சூரை, திமிங்கலம் என 13 குழுக்கள், மொத்தம் 11,567 இனங்கள். எங்கே எத்தனை இனம் வாழ்கிறது என்பதை எது தீர்மானிக்கிறது என்று பார்த்தபோது, 13 குழுக்களுக்கும் பொதுவாக நின்ற ஒரே காரணி கடல்மேற்பரப்பின் வெப்பநிலை. அதற்கு முன்பே, 1999-இல், மிதவை உயிரிகளான ஃபோராமினிஃபெராவின் இனப்பன்மை இடத்துக்கு இடம் மாறுவதில் ஏறக்குறைய 90 சதவீதத்தை மேற்பரப்பு வெப்பநிலையைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று காட்டியிருந்தார்கள்.

இது பொருத்தம்தான், காரணம் அல்ல. சூடான இடத்தில் இனங்கள் அதிகம் என்பது வேறு, சூடு எப்படி இனங்களை அதிகமாக்குகிறது என்பது வேறு. டிட்டென்சர் தொகுப்பிலேயே ஒரு குழு தலைகீழாக நின்றது. கடல்நாய் இனங்களின் எண்ணிக்கை துருவத்தை நோக்கிப் போகப் போகக் கூடியது. பொதுவாக இப்படி ஒன்று வந்தால் விதிவிலக்கு என்று அடிக்குறிப்பில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என் பார்வையில், பொது விதிக்கான காரணத்தைக் கண்டுபிடிக்க வழி காட்டியதே இந்த விதிவிலக்குதான்.

உடம்புக்குள் நடக்கும் கணக்கு

வளர்சிதை மாற்றம் என்பது கடைசியில் வேதிவினைகளின் தொகுப்பு. வெப்பம் கூடினால் வினைகளின் வேகம் கூடும். ஜேம்ஸ் பிரவுன், ஜேம்ஸ் கில்லூலி, ஆண்ட்ரூ ஆலன் ஆகியோர் 2000-களின் தொடக்கத்தில் இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார்கள். உடல் எடையையும் உடல் வெப்பநிலையையும் சொன்னால், அந்த உயிர் எவ்வளவு வேகத்தில் ஆற்றலைச் செலவழிக்கும் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். அவர்கள் பயன்படுத்திய கிளர்வு ஆற்றல், அதாவது வினை தொடங்கத் தேவைப்படும் ஆற்றல், சுமார் 0.65 எலெக்ட்ரான் வோல்ட். அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால், 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குப் போகும்போது வேகம் ஏறக்குறைய 2.5 மடங்காகிறது. 5 டிகிரி நீரில் வாழும் மீனையும் 28 டிகிரி நீரில் வாழும் அதே எடையுள்ள மீனையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 8 மடங்குக்குப் பக்கத்தில் வருகிறது. குளிர்கடல் மீன்களின் உடலில் குளிருக்கேற்ற தகவமைப்புகள் உண்டு என்பதால் உண்மையில் இடைவெளி கொஞ்சம் குறையலாம். ஆனால் மறைந்துவிடாது.

மீன், சுறா, பாம்பு போன்ற குளிர் இரத்த விலங்குகளுக்குத்தான் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். அவற்றின் உடல் வெப்பநிலை நீரின் வெப்பநிலைதான். கடல்நாய்க்கும் திமிங்கலத்துக்கும் உடல் 37 டிகிரியை ஒட்டியே நிற்கும். பறவைகளுக்கு இன்னும் சற்று அதிகம். நிறுத்தத்தில் நிற்கும்போதும் இன்ஜினை அணைக்காமல் வைத்திருக்கும் பேருந்து மாதிரிதான் இவை. எந்த நேரமும் கிளம்பத் தயார், ஆனால் எந்த நேரமும் டீசல் செலவு. வட பசிபிக்கில் வாழும் கடல் நீர்நாய் தினமும் தன் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை சாப்பிட்டாக வேண்டும். அவ்வளவு செலவு செய்து கிடைக்கும் லாபம் என்ன?

லாபம் வேகம். அதுவும் எதிரில் இருப்பவரோடு ஒப்பிடும்போது கிடைக்கும் வேகம்.

ஜான் கிரேடியும் அவருடைய குழுவும் 2019-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின் மையம் இதுதான். சுறா, மீன், ஊர்வன, பாலூட்டி, பறவை என 998 இனங்களின் பரவலைத் தொகுத்தார்கள். குளிர் இரத்த வேட்டையாடிகளின் இனப்பன்மை வெப்ப மண்டலத்தில் உச்சம் தொட்டது. வெப்ப இரத்த வேட்டையாடிகளின் இனப்பன்மை குளிர்ந்த, மிதமான கடல்களில் உச்சம் தொட்டது. இனங்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, பரிணாமக் கிளைகளின் பன்மையிலும், விலங்குகளின் நெருக்கத்திலும் இதே பிரிவினை தெரிந்தது.

அவர்கள் தந்த விளக்கம் எளிமையானது. 5 டிகிரி நீரில் ஒரு ஹெர்ரிங் மீனின் தசை மெதுவாகச் சுருங்குகிறது. ஆபத்து வந்தால் பாய்ந்து தப்பும் வேகம் குறைகிறது, நரம்பில் செய்தி போவதும் தாமதமாகிறது. அதைத் துரத்தும் கடல்நாயின் தசைக்கோ நீர் எவ்வளவு குளிர்ந்தாலும் கவலையில்லை. இதே துரத்தல் 28 டிகிரி நீரில் நடந்தால், மீன் முழு வேகத்தில் பாய்கிறது. கடல்நாய் அதே வேகத்தில்தான் இருக்கிறது. ஆக, இரை தப்பிக்கிறது, பட்ஜெட் இடிக்கிறது. இது போதாதென்று, அதே மீனைப் பிடிக்கச் சுறாவும் சூரையும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கடல்நாய் சாப்பிடுவதில் ஒரு சிறு பங்கே அவற்றுக்குப் போதும். சுறாவுக்குக் கடல்நாய்க் குட்டியே இரை என்பது இன்னொரு தொல்லை.

கடலுக்குக் கடல் உணவு விளையும் அளவில் உள்ள வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும், பாலூட்டிகள் உண்ணும் இரையின் மொத்த அளவு நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்துக்குப் போகும்போது 80 மடங்கு கூடுகிறது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. ஐந்து, பத்து மடங்கு என்றால் வேறு காரணங்களைத் தேடலாம். 80 மடங்கை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

மற்ற விளக்கங்கள் எங்கே தடுக்குகின்றன

குளிர்கடல்களில் உணவு அதிகம், அதனால்தான் அங்கே கூட்டம் என்பது பலரும் முதலில் சொல்லும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் விளைச்சல் மிகுந்த வெப்பக் கடல்களும் உண்டு. பருவக்காற்றுக் காலத்தில் அடிநீர் மேலெழும் கேரளக் கரையில் மத்தியும் அயிலையும் டன் டன்னாகக் கிடைக்கின்றன. அங்கே கடல்நாய் ஏன் இல்லை?

பரிணாம வரலாறுதான் காரணம், வடக்கே தோன்றியது வடக்கேயே தங்கிவிட்டது என்பது இன்னொரு பதில். ஆனால் கடல்நாய்களின் மூதாதைகள் வடக்கிலிருந்து கிளம்பித் தெற்குக்குப் போய், இன்று அண்டார்க்டிகா வரை நிறைந்திருக்கின்றன. நடுவே இருந்த வெப்பக் கடல்களைத் தாண்டிப் போனவை அங்கே பெருகவில்லை. வடக்கில் ஆக் (auk) என்ற குடும்பத்துக் கடற்பறவைகளும் தெற்கில் பென்குயின்களும் உறவே இல்லாமல், நீருக்குள் மூழ்கித் துரத்தும் அதே பிழைப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் வெப்பக் கடல் ஒரு சுவர்போல நிற்கிறது. வெப்ப மண்டலக் கடற்பறவைகள் பிழைக்கும் விதம் வேறு. சூரைக் கூட்டம் கீழிருந்து துரத்த, மேற்பரப்புக்குத் தப்பி வரும் மீன்களைக் கொத்திக்கொண்டு போவதே அவற்றில் பலவற்றின் உத்தி. துரத்தும் வேலையைக் குளிர் இரத்தத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டன என்றுகூடச் சொல்லலாம்.

இதைவிட எனக்கு வலுவாகத் தெரிவது, வெப்பக் கடலில் தாக்குப்பிடித்த சில வெப்ப இரத்த விலங்குகள் என்ன சாப்பிடுகின்றன என்பது. ஹவாய் துறவிக் கடல்நாய் இன்று சுமார் 1,600 மட்டுமே எஞ்சியிருக்கும் இனம். அது திறந்த நீரில் மீன்களைத் துரத்திப் பிழைப்பதில்லை. கடலடிக்குப் போய்க் கல்லைப் புரட்டி, மணலைக் கிளறி, ஒளிந்திருக்கும் விலாங்கையும் கணவாயையும் பிடிக்கிறது. நம் பாக் விரிகுடாவில் இருக்கும் ஆவுளியா என்ற கடல்பசு கடற்புல்லை மேய்கிறது. புல் எந்த வெப்பநிலையிலும் ஓடாது. 2022-இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டரில் அறிவித்த ஆவுளியா பாதுகாப்பகத்தின் அடிப்படையே அந்தக் கடற்புல் பரப்புதான். ஆக, வெப்பக் கடல் வெப்ப இரத்தத்தை விரட்டுவதில்லை. துரத்தி உண்ணும் பிழைப்பைத்தான் விரட்டுகிறது.

கலாபகோஸ் தீவில் நிலநடுக்கோட்டின் மேலேயே பென்குயின் இருக்கிறதே என்றால், அது கூடு கட்டுவது பெரும்பாலும் இசபெலா, ஃபெர்னாண்டினா தீவுகளின் மேற்குக் கரையில். கடலடி நீரோட்டம் ஒன்று குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து கொட்டும் இடம் அது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ 1982-83-இல் வந்து அந்தக் குளிர்நீர் நின்றபோது பென்குயின்களின் எண்ணிக்கை 77 சதவீதம் சரிந்தது. 1997-98-இல் மறுபடியும் 65 சதவீதம். இதைக் கிரேடி குழுவின் விளக்கத்துக்குச் சாட்சியாக நிறுத்த ஆசையாக இருந்தாலும், நேர்மையாகச் சொன்னால் முழுச் சாட்சி இல்லை. குளிர்நீர் நிற்கும்போது அதோடு வரும் சத்தும் நிற்கிறது, மீனே குறைகிறது. வெப்பம் கொன்றதா பட்டினி கொன்றதா என்று பிரிக்க முடியாது.

சூடாகிப்போன வட பசிபிக்

வரைபடத்தில் தெரியும் ஒரு பாங்கு, நம் கண்முன்னே காலத்திலும் நடக்குமா? குளிர்கடல் ஒன்று திடீரென்று சூடானால் என்ன ஆகும்? 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் அதுதான் நடந்தது. ப்ளாப் என்று பெயர் பெற்ற அந்தக் கடல் வெப்ப அலையில் பல இடங்களில் நீரின் வெப்பநிலை வழக்கத்தைவிட 2.5, 3 டிகிரி கூடுதலாக நின்றது. மேலோட்டமான சூடும் இல்லை, நாளாக நாளாக ஆழத்துக்கும் இறங்கியது.

மர் என்பது ஆக் குடும்பத்துப் பறவை. ஒரு கிலோ எடை, கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. பாறை முகடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டமாக வாழும், ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. நீருக்குள் 200 மீட்டர் ஆழம் வரைகூடப் போய் மீன் பிடிக்கும். சின்னச் சிறகை வைத்துக்கொண்டு பறப்பதால் பறத்தலுக்கே ஏகப்பட்ட ஆற்றல் போகிறது. நாளொன்றுக்குத் தன் எடையில் பாதியளவு மீன் வேண்டும். சில நாள் சாப்பாடு கிடைக்கவில்லை என்றால் அவ்வளவுதான்.

2015 கோடையிலிருந்து 2016 வசந்தம் வரை, கலிஃபோர்னியா முதல் அலாஸ்கா வரையான கரைகளில் சுமார் 62,000 மர்கள் செத்தும் சாகும் தறுவாயிலும் ஒதுங்கின. எலும்பும் தோலுமாக, வயிறு காலியாக. கரைக்கு வந்து சேர்வது செத்தவற்றில் ஒரு சிறு பகுதியே என்பதால், ஜான் பியாட்டும் குழுவும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு 10 லட்சம் வரை செத்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. பல குடியிருப்புகளில் ஒரு குஞ்சுகூடப் பிழைக்காத பருவங்களும் இருந்தன.

எந்த நோயும் பெரிய காரணமாகத் தென்படவில்லை. பியாட் குழு முன்வைத்த விளக்கத்தில் பறவையின் உடம்புக்கு நேரடியாக எதுவும் ஆகவில்லை. ஆனது அதைச் சுற்றியிருந்த குளிர் இரத்த உலகத்துக்கு. ஒரு பக்கம், மர் உண்ணும் சிறு மீன்களுக்கு வெப்பத்தில் வளர்சிதை மாற்றம் ஏறியது. சாப்பாட்டுச் செலவு கூடியது, ஆனால் அவை தின்னும் மிதவை உயிரிகள் வெப்ப அலையில் சிறுத்து, கொழுப்புக் குறைந்த வகைகளாக மாறியிருந்தன. மீன்கள் மெலிந்தன, எண்ணிக்கையும் குறைந்தது. மறுபக்கம், அதே சிறு மீன்களைத் தின்னும் காட், பொல்லாக் போன்ற பெரிய மீன்களுக்கும் பசி ஏறியது. மேலே சொன்ன 0.65 என்ற அதே எண்ணை வைத்துப் பார்த்தால் 3 டிகிரி கூடினாலே ஆற்றல் தேவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். கடலில் உள்ள காட் மீன்களின் மொத்த எடையையும் மர்களின் மொத்த எடையையும் நினைத்துப் பாருங்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு பெரிய வாய் என்பது புரியும். இரண்டு தாடைகளுக்கு நடுவே மாட்டிய மாதிரி மர்கள் நசுங்கின.

அந்தப் பெரிய மீன்களும் தப்பவில்லை. அலாஸ்கா வளைகுடாவின் காட் மீன் வளம் 2015-க்கும் 2017-க்கும் இடையே சுமார் 70 சதவீதம் சரிந்தது. 2020-இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீர்ப்பரப்பில் அந்த மீன்பிடிப்பையே மூட வேண்டியதாயிற்று. பசி ஏறிய மீனுக்குப் போதிய தீனி இல்லை என்பதே அங்கும் சொல்லப்பட்ட காரணம்.

கலாபகோஸ் நிகழ்வைவிட இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இங்கேயும் உணவு குறைந்தது உண்மை. ஆனால் அதற்கு மேலாக, போட்டியாளரின் பசி கூடியது என்பது தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய ஒன்று. நிலநடுக்கோட்டை நோக்கிப் போகும்போது வரைபடத்தில் என்ன தெரிகிறதோ, அதில் ஒரு துண்டு ஓரிரு ஆண்டுகளில் ஒரே கடலில் நடந்து காட்டியது. துரத்தலின் வேகம் மாறியதா என்பதை யாரும் அங்கே அளக்கவில்லை. பசியும் போட்டியும் மாறியதற்கான தடயம் மட்டும் வலுவாக இருக்கிறது.

பொருந்தாமல் நிற்பவை

வளர்சிதை மாற்றத்தை வைத்துச் சொல்லப்பட்ட எல்லாம் சரி என்று இதற்குப் பொருள் இல்லை. பிரவுன், ஆலன் குழுவின் கோட்பாட்டில் இன்னொரு பாதியும் இருந்தது. வெப்பத்தில் தலைமுறைகள் விரைந்து மாறும், மரபணுத் திடீர்மாற்றங்கள் வேகமாகச் சேரும், அதனால் புதிய இனங்களும் வேகமாகத் தோன்றும் என்பது. ஃபோராமினிஃபெரா புதைபடிவங்களை வைத்து 2006-இல் அதற்கு ஆதரவும் காட்டினார்கள்.

மீன்களிடம் வந்தபோது அது கவிழ்ந்தது. டேனியல் ரபோஸ்கியின் குழு 2018-இல் 31,526 மீன் இனங்களின் மரபுவழி மரத்தை வைத்துக்கொண்டு பார்த்ததில், கடல்மீன்களில் புதிய இனங்கள் மிக வேகமாகத் தோன்றுவது துருவங்களை ஒட்டிய குளிர்கடல்களில். இரத்தத்தில் ஹீமோகுளோபினே இல்லாத பனிமீன்களின் உறவினங்கள் அண்டார்க்டிகாவைச் சுற்றி விறுவிறுவெனக் கிளைத்திருக்கின்றன. இனங்கள் குறைவாக உள்ள இடத்தில் தோற்றம் வேகம். நிறைந்துகிடக்கும் பவளப்பாறைகளில் தோற்றம் மெதுவு. அழிவும் குளிர்கடலில் வேகமாக நடக்கிறதா, வெப்பக் கடல் இடம் நிறைந்துபோனதால் மெதுவாகிவிட்டதா என்ற விவாதம் தொடர்கிறது. எப்படியானாலும், வெப்பம் என்பது பரிணாமக் கடிகாரத்தை முடுக்கும் சாவி என்ற படம் கடல்மீன்களுக்குப் பொருந்தவில்லை. வெப்பம் உடம்பின் வேகத்தை மாற்றுகிறது, உடம்பின் வேகம் யார் யாரைப் பிடிப்பார், யார் யாருடைய பங்கைத் தின்பார் என்பதை மாற்றுகிறது என்ற படம் நிற்கிறது. இரண்டையும் வளர்சிதை மாற்றம் என்ற ஒரே தலைப்பில் போட்டுக் குழப்புவதை நான் பல கட்டுரைகளில் பார்க்கிறேன்.

டால்பின்களும் இந்தக் கணக்குக்குள் அழகாக உட்காருவதில்லை. வெப்பக் கடலிலும் அவற்றுக்குப் பல இனங்கள் உண்டு. கூட்டாகச் சேர்ந்து மீனை வளைப்பதும், ஒலியால் இரையைத் தேடுவதும் வேகத்தில் இழந்ததை ஈடுகட்டுகின்றன என்று நினைக்க இடமிருக்கிறது. அப்புறம் உடம்பின் சில பாகங்களை மட்டும் சூடாக வைத்திருக்கும் நீலத்துடுப்புச் சூரை, சால்மன் சுறா மாதிரி இடைப்பட்டவை. சால்மன் சுறா அலாஸ்காவின் குளிர்நீரில் சுற்றியுள்ள நீரைவிட 20 டிகிரி வரை தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு வேட்டையாடுகிறது. சுறா இனத்தில் பிறந்தும் கடல்நாயின் தொழில், கடல்நாயின் ஊர். விளக்கத்துக்கு இதைவிட நல்ல ஆதரவைக் கேட்க முடியாது.

வெப்பக் கடலின் உச்சியிலும் ஒரு பள்ளம் விழுந்துகொண்டிருக்கிறது. சாயா சௌத்ரியும் உடன் ஆய்வாளர்களும் 48,661 கடல் விலங்கினங்களின் பதிவுகளை 1955 முதல் எடுத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நிலநடுக்கோட்டை ஒட்டி இனங்களின் எண்ணிக்கை அதற்கு இருபுறமும் உள்ளதைவிடக் குறைந்திருப்பதும், அந்தப் பள்ளம் காலப்போக்கில் ஆழமாவதும் தெரிந்தன. இங்கேயும் வளர்சிதை மாற்றம்தான், ஆனால் வேறு முகம். 30 டிகிரி நீரில் கரையும் ஆக்சிஜன், 0 டிகிரி நீரில் கரைவதில் ஏறக்குறைய பாதி. உடம்பின் தேவையோ பல மடங்கு. கர்ட்டிஸ் டாய்ச் போன்றவர்கள் இந்த வரவு செலவைக் கணக்கிட்டே, ஓர் இனம் எந்தக் கடல்வரை வாழ முடியும் என்ற எல்லைக்கோட்டை வரைகிறார்கள். மீனுக்கு வேகம் தந்த அதே வெப்பம், ஓர் எல்லைக்குமேல் மூச்சுக்கே கணக்குப் பார்க்கவைக்கிறது.

மர்களின் கதை இன்னும் முடியவில்லை. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் மதிப்பீடே குறைவு என்றது. வெப்ப அலைக்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அலாஸ்காவின் 13 குடியிருப்புகளில் எண்ணிக்கை 52 முதல் 78 சதவீதம் வரை சரிந்திருந்தது; அலாஸ்காவில் செத்தவை சுமார் 40 லட்சம், அதாவது அங்கிருந்த மர்களில் பாதி. 2016-க்குப் பிறகு 2022 வரை எண்ணிப் பார்த்தும் மீட்சிக்கான அறிகுறி இல்லை. அவை ஏன் செத்தன என்பதற்கு வளர்சிதை மாற்றக் கணக்கு நல்ல பதில் தருகிறது. ப்ளாப் போன பிறகும் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. கூட்டம் மெலிந்த பாறையில் கழுகும் கடற்காகமும் முட்டையைத் தூக்குவது சுலபம் என்பது ஒரு சாத்தியம். இரை மீன்களும் பழைய நிலைக்கு வரவில்லை என்பது இன்னொன்று.